வீட்டில் தோட்டா, பூட்டு யார் கையில்?

அமெரிக்காவில் வேட்டைக்காரர் பலர் சுட்ட பித்தளைக் கூட்டை வீசுவதில்லை. வீட்டிலேயே மருந்து நிரப்பி மீண்டும் தோட்டாவாக்குகிறார்கள். கூட்டின் அடியில் 'பிரைமர்' பொருத்த வேண்டும். தீபாவளிக் கேப்பைப் போல, தட்டினால் தீப்பிடிக்கும் சிறு மூடி அது. பொருத்துவதற்குக் கைக்கருவி உண்டு. மருந்தின் அளவைச் சொல்ல நூலும் உண்டு.

கொரோனா ஆண்டான 2020-ல் துப்பாக்கி விற்பனை பெருகியது; பிரைமருக்குப் பஞ்சம் வந்தது. கருவி வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். கிடைத்த ரகத்தைப் போடலாமா? நூல் சொன்ன ரகத்தை மாற்றினால் அழுத்தம் ஏறக்கூடும். துப்பாக்கி வெடித்துக் கையே போகலாம்! கருவிக்கு முன் வாங்கவேண்டியது நூல்தான்.

ஆனால் நூலால் பஞ்சம் தீராது. அங்கே பெயர்பெற்ற பிரைமர்கள் நான்கு. அவற்றில் பெடரல், சி.சி.ஐ., ரெமிங்டன் மூன்றும் 2024-ல் செக் நாட்டு நிறுவனம் ஒன்றிடம் போய்விட்டன. வின்செஸ்டர் மட்டுமே வேறு கையில் இருக்கிறது.