பூட்டு அரசுக்கு மட்டும்தானா?

தில்லி லோதி சாலையில், சிஜிஓ வளாகத்துக்குள், எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன் என்றொரு கட்டடம் உண்டு. ஒன்றிய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறை அங்கிருந்துதான் இயங்குகிறது. 2015ஆம் ஆண்டில், ஆறு மாத இடைவெளியில், அந்தத் துறை இரண்டு ஆவணங்களை வெளியிட்டது. மார்ச் மாதம் வந்தது திறந்த மூல மென்பொருள் கொள்கை. அரசின் மின்னாளுமைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்றது அது. செப்டம்பரில் வந்தது தேசிய மறைக்குறியாக்கக் கொள்கையின் வரைவு. குடிமக்களும் வணிக நிறுவனங்களும் மறைக்குறியாக்கம் செய்து அனுப்பும் செய்தியின் மூலப் பிரதியை 90 நாட்கள் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். விசாரணை அமைப்புகள் கேட்டால் ஒப்படைக்க வேண்டும் என்றது அது. அதாவது, கடிதத்தை உறையிலிட்டு ஒட்டலாம். ஆனால் ஒட்டாத நகல் ஒன்றைக் காவலருக்காக வீட்டில் வைத்திருக்க வேண்டும்!

எதிர்ப்பு வெடித்தது. செப்டம்பர் 22 அன்று அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்வாங்கியது காகிதம்தான், நோக்கமல்ல. அதற்குப் பிந்தைய ஒவ்வோர் ஆணையிலும் அதே நோக்கம் வேறு வேறு சட்டை அணிந்து வந்து நிற்கிறது.

இந்த இரு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஆளும் வர்க்கத்தின் கணக்கு புரியும். உலகெங்கும் நிரலாளர்கள் எழுதிப் பொதுவில் வைத்த பூட்டுகளை அரசு எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். அதே பூட்டை ஒரு தொழிற்சங்க ஊழியரோ பத்திரிகையாளரோ தம் கதவில் மாட்டினால் அது தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து!

பூட்டு என்பது இங்கே வெறும் உவமை அன்று. கணினிச் செயலி எழுதுவோர் மறைக்குறியாக்க முறையைத் தாமே புதிதாக உருவாக்குவதில்லை. முன்னரே எழுதி, பலரால் சோதிக்கப்பட்டு, பொதுவில் வைக்கப்பட்டுள்ள ஓப்பன்எஸ்எஸ்எல், லிப்சோடியம் போன்ற நிரல் தொகுப்புகளை எடுத்து இணைத்துக்கொள்கிறார்கள். 'லைப்ரரி' என்று அவர்கள் வழங்கும் இந்த நிரல் நூலகங்களே இணையத்தின் அடித்தளம். ஒருமுறை எழுதிய செயலியை விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஓடச் செய்யும் கியூட்டி, எலெக்ட்ரான் போன்ற தொகுப்புகளும் இவ்வாறே பொதுவில் உள்ளன. இரண்டையும் இணைத்தால், பாதுகாப்பான செய்திப் பரிமாற்றச் செயலி ஒன்றை ஒரு சிறு குழுவே எந்தக் கணினிக்கும் எழுதிவிட முடியும். பெருமூலதனம் தேவையில்லை. அரசின் அச்சம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பொதுவில் வைத்த பூட்டு எப்படிப் பாதுகாப்பாகும் என்று கேட்போர் உண்டு. 1883இலேயே ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் இதற்கு விடை சொல்லிவிட்டார். பூட்டின் அமைப்பு பகைவனுக்குத் தெரிந்தாலும் பாதகமில்லை. சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் போதும். தமிழில் 'மறை' என்ற சொல்லுக்கு இரகசியம் என்றும் பொருள், வேதம் என்றும் பொருள். அந்த மறையில் நூலையே சிலர் மட்டும் வைத்துக்கொண்டு பலர் காதில் விழாமல் காத்தார்கள். இந்த மறையிலோ நூல் ஊருக்குப் பொது. சாவி மட்டும் அவரவர் கையில். சனாதனத்தின் காவலர்களுக்கு இந்த ஏற்பாடு உவப்பாக இல்லாததில் வியப்பில்லை.

சாவியின் நீளத்தைச் சுருக்கும் வேலை இன்றைய ஆட்சியில் தொடங்கியதும் அன்று. பழைய இணையச் சேவை உரிம விதிகளின்படி 40 பிட்டுக்கு மேற்பட்ட சாவியைப் பயன்படுத்த முன் அனுமதி பெற வேண்டியிருந்தது. மறைப்பை அவிழ்க்கும் சாவியை இரு பகுதிகளாக்கித் தொலைத்தொடர்புத் துறையிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 40 பிட் என்றால் சுமார் 1,10,000 கோடி சாத்தியங்கள். பெரிய எண்போலத் தோன்றும். ஆனால் 1997இலேயே அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பல கணினிகளை இணைத்து அத்தகைய சாவியை மூன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அதே இந்தியாவில், 2001இல் ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. 128 பிட் சாவியின் சாத்தியங்கள் 39 இலக்க எண். பணத்துக்கு ஒரு பூட்டு, மனிதர் பேச்சுக்கு ஒரு பூட்டு! இதைவிடத் தெளிவாக முதலாளித்துவ அரசின் குணத்தைச் சொல்லிவிட முடியுமா?

2023 மே மாதத் தொடக்கத்தில், ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்று காரணம் கூறி, 14 செயலிகளை ஒன்றிய அரசு முடக்கியது. அவற்றுள் எலிமென்ட், பிரையர் ஆகிய இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். அவற்றின் நிரலை யாரும் படிக்கலாம், சோதிக்கலாம். தமக்கு முன்னறிவிப்பு ஏதும் தரப்படவில்லை என்றது எலிமென்ட் நிறுவனம். எலிமென்ட் எந்த 'மேட்ரிக்ஸ்' நெறிமுறையில் இயங்குகிறதோ, அதே நெறிமுறையில்தான் பிரெஞ்சு அரசு தன் அதிகாரிகளுக்கான 'சாப்' செயலியை 2019இல் அமைத்தது. ஜெர்மன் ராணுவத்தின் செய்திச் செயலியும் அதன்மீதே எழுந்தது. நேட்டோ படைவீரர் கையில் கவசமாக இருக்கும் நிரல், ஸ்ரீநகர் மாணவர் கையில் வெடிகுண்டாகிவிடுமா?

பிரையர் செயலியின் 'குற்றம்' இன்னும் சுவையானது. இணையமே இல்லாதபோதும், அருகருகே உள்ள கைபேசிகளுக்கிடையே புளூடூத், வைஃபை வழியாக அது செய்தியைக் கடத்தும். 2019 ஆகஸ்ட் 5 தொடங்கி இணையத்தைத் துண்டித்து, 18 மாதங்கள் கழித்து 2021 பிப்ரவரியில்தான் 4ஜி சேவையைத் திரும்பக் கொடுத்த அரசு அது. இணையத்தை வெட்டினாலும் பேசிக்கொள்ள வழி உண்டு என்று சொல்லும் செயலியை அந்த அரசு எப்படிப் பொறுத்துக்கொள்ளும்?

இதே அரசுதான் தன் அதிகாரிகளுக்காகத் தேசிய தகவலியல் மையம் மூலம் 'சந்தேஷ்' செயலியை உருவாக்கியது. அது திறந்த மூல அடிப்படையிலானது, பாதுகாப்பானது, அதன் கேந்திரக் கட்டுப்பாடு அரசிடமே இருக்கும் என்று 2021இல் நாடாளுமன்றத்தில் பெருமையுடன் பதிலளித்தது. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளில் விண்டோஸை நீக்கி, உபுண்டு அடிப்படையிலான 'மாயா' இயங்குதளத்தை நிறுவத் தொடங்கியதாகச் செய்தி வந்தது. நல்லதுதான், அந்நிய ஏகபோகத்திடமிருந்து விடுபடும் எந்த அடியும் வரவேற்கத்தக்கதே. ஆனால் சௌத் பிளாக்குக்கு நல்லது சோபூருக்கு மட்டும் எப்படிக் கேடாகும்?

"ஒளிக்க ஏதும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?" என்பது சங் பரிவாரத்தின் வாடிக்கையான கேள்வி. இக்கேள்வியைத் தேர்தல் பத்திரங்களிடம் கேட்டிருக்கலாமே! நன்கொடை தந்த கார்ப்பரேட்டுகளின் அந்தரங்கத்தைக் காக்க ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் மூச்சைப் பிடித்து வாதாடியது. கட்சிக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று அறியும் பொதுவான உரிமை குடிமக்களுக்கு இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல். அந்தப் பத்திரங்களிலோ புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் இரகசிய எண் பொறிக்கப்பட்டிருந்தது. மக்களுக்கு மறைவு, ஸ்டேட் வங்கிக்கு வெளிச்சம். ஒரு ரூபாய்ப் பத்திரமும் வாங்காத இடதுசாரிகள் இதை எதிர்த்து வழக்காடினர்; 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தைச் செல்லாதென்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது குடிமக்களுக்காகத்தான், கொடையாளர்களுக்காக அல்ல.

அரசை எதிர்ப்பதாலேயே வாட்ஸ்அப்பின் பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்கின்றன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறைக்குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் கூறினார். வீரம்தான். ஆனால் அந்நிறுவனம் பெருமைப்படும் பூட்டு, சிக்னல் குழுவினர் எழுதிப் பொதுவில் வைத்த நெறிமுறை. பூட்டைப் பொதுவிலிருந்து எடுத்துக்கொண்ட மெட்டா, பூட்டைச் சுற்றியுள்ள வீட்டின் நிரலை மட்டும் மூடி வைத்திருக்கிறது. யார், யாருடன், எப்போது பேசினார் என்ற விவரம் அதன் கிடங்கில் சேர்கிறது. பயனர் தரவைத் தன் பிற நிறுவனங்களோடு பகிர நிர்ப்பந்தித்ததற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

மெட்டாவுக்கு மாற்று சுதேசி என்று 2025 செப்டம்பரில் அமைச்சர்கள் வரிசையில் நின்று சோகோவின் 'அரட்டை' செயலிக்கு விளம்பரம் செய்தார்கள். தமிழ்ப் பெயர், தமிழ்நாட்டு நிறுவனம். தமிழர் மகிழ்வதில் தவறில்லை. எனினும் அந்த ஆரவாரத்தின் உச்சத்தில், அரட்டையின் எழுத்துச் செய்திகளுக்கு முனைக்கு முனை மறைக்குறியாக்கம் இல்லை. சுதேசி என்பது முதலாளியின் முகவரியைச் சொல்லும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

2025 நவம்பர் 28 அன்று அசோகா சாலை சஞ்சார் பவனிலிருந்து இரண்டு ஆணைகள் பிறந்தன. ஒன்று, எல்லாப் புதிய கைபேசிகளிலும் அரசின் 'சஞ்சார் சாத்தி' செயலியை நிறுவச் சொன்னது. எதிர்ப்பு வலுத்ததும் டிசம்பர் 3 அன்று கட்டாயம் கைவிடப்பட்டது. மற்றொன்று அதிகம் பேசப்படவில்லை. செய்திச் செயலிகள் சிம் அட்டையோடு பிணைக்கப்பட வேண்டும். கணினியில் திறந்து வைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் தானாக மூடிக்கொள்ள வேண்டும். மோசடிக்காரர்களைப் பிடிக்கவாம். செய்தி அறையிலும் சங்க அலுவலகத்திலும் நாள் முழுதும் கணினியில் வேலை செய்வோர், ஒவ்வொரு முறையும் பெயர் பதிந்த சிம் அட்டையைக் காட்டித்தான் உள்ளே நுழைய வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

பூட்டு மட்டும் போதுமா? போதாது. தில்லி முனிர்காவில் ரோனா வில்சனின் வீட்டில் 2018 ஏப்ரல் 17 அன்று புனே காவல்துறை கைப்பற்றிய மடிக்கணினியை, அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் ஆராய்ந்தது. 'நெட்வயர்' என்னும் தீநிரல் மூலம் 22 மாதங்களுக்கும் மேலாக அக்கணினி பிறர் பிடியில் இருந்தது. அவரைச் சிக்கவைத்த கடிதங்கள் உள்ளே திணிக்கப்பட்டன என்றது 2021 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கை. ஆறரை ஆண்டுகள் சிறையில் கழித்து 2025 ஜனவரியில்தான் வில்சன் பிணையில் வந்தார். 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் தொடர்பான சோதனையில் தில்லி காவல்துறை ஊடகவியலாளர்களின் கைபேசிகளையும் மடிக்கணினிகளையும் அள்ளிச் சென்றது; சீத்தாராம் யெச்சூரிக்கு ஒதுக்கப்பட்டிருந்த அரசு இல்லத்தையும் விட்டுவைக்கவில்லை. அதே மாதம் 31ஆம் தேதி, அரசின் ஆதரவு பெற்ற தாக்குதலாளர்கள் அவரது கைபேசியைக் குறிவைத்திருக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனத்தின் எச்சரிக்கை அவருக்கு வந்தது. சாதனங்களைக் கைப்பற்றுவதற்கு வரைமுறை வேண்டும் என்ற கோரிக்கை வழக்கறிஞர்களுடையது மட்டுமன்று. எல்லாத் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலும் அது இடம்பெற வேண்டும். கட்டற்ற மென்பொருள் தாயத்து அல்ல. ஆனால் உள்ளே என்ன ஓடுகிறது என்று திறந்து பார்க்கும் உரிமையாவது அதில் உண்டு.

அந்த உரிமையை நிலைநிறுத்தும் உழைப்பைப் பற்றியும் பேச வேண்டும். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டபோதுதான், உலக வங்கிகளும் வணிகத் தளங்களும் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்தில் முழுநேரமாக இருந்தவர் ஒரே ஒருவர், அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் என்பது உலகுக்குத் தெரிந்தது. 2024 மார்ச்சில் 'எக்ஸ்இஸட்' என்னும் நூலகத்தில் கள்ளக்கதவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளருக்கு உதவுவதுபோல் ஈராண்டுக்கும் மேலாகப் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவர்தான் அதைப் பொருத்தியிருந்தார். பொது நிலத்தில் விளைந்ததைக் கார்ப்பரேட் அறுவடை செய்கிறது, விதைத்தவனுக்குக் கூலியில்லை. பொதுப் பணத்தில் இயங்கும் அரசுத் துறைகள் தாம் பயன்படுத்தும் நூலகங்களைப் பராமரிக்கப் பொறியாளர்களைப் பணியமர்த்த வேண்டும். திருத்தங்களை ஊருக்குப் பொதுவாக்க வேண்டும்.

சொந்த வீட்டிலும் வேலை இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. எத்தனையோ சங்க அலுவலகங்களில் உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் அப்படிப்பட்ட கணினிகளில்தான் இருக்கின்றன. கேரளத்தின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் குனூ/லினக்ஸில் பாடம் படிக்கிறார்கள். லிப்ரே ஆஃபீஸ், சிக்னல், பயர்பாக்ஸ் ஆகியவை எல்லா இயங்குதளங்களிலும் ஓடுமாறு எழுதப்பட்டவை. விண்டோஸில் பழகிய கைகளுக்கு லினக்ஸிலும் அவை அந்நியமாக இரா. பழைய கணினியை எடைக்குப் போடுவதற்கு முன், பட்டியல்களை நகலெடுத்துக்கொண்டு, ஒரு பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, வட்டு முழுவதையும் மறைக்குறியாக்கம் செய்து நிறுவ ஒரு பிற்பகல் போதும்.