ட்ராப் எடுத்த ஆண்டும் வேலை பார்த்த ஆண்டும்

மருத்துவப் படிப்பில் சேர்வதற்கு முன் ஓராண்டு இடைவெளி எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஆண்டில் மருத்துவமனை சார்ந்த வேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்னும் அறிவுரை, கல்வி ஆலோசகர்களின் காணொளிகள் வழியாக இந்திய மாணவர்களை வந்தடைந்துகொண்டிருக்கிறது. அது பிறந்த இடம் அமெரிக்கா. பிறந்த இடத்தில் அதற்குப் பொருள் உண்டு. இந்தியாவிலோ அதைப் பின்பற்றும் மாணவர் தண்டனை பெறுகிறார். தண்டனையைப் பற்றி வாய் திறவாமல் அறிவுரையை மட்டும் வழங்குவது நேர்மையான செயலன்று.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர் முதலில் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்திருப்பார். பின்னர் மருத்துவரின் அருகிலிருந்து நோயாளியின் குறிப்புகளைப் பதிவு செய்யும் எழுத்தராகவோ, ஆம்புலன்ஸ் பணியாளராகவோ, ஆய்வு உதவியாளராகவோ ஓரிரண்டு ஆண்டுகள் வேலை பார்க்கிறார். பொது விண்ணப்பத்தில் பணிகளையும் செயல்பாடுகளையும் குறிக்க 15 இடங்கள் உள்ளன. அவற்றுள் மிக முக்கியமான மூன்றைப் பற்றி விரித்தெழுத வேண்டும். ஆகவே வேலை எண்ணப்படுகிறது. அந்நாட்டு முறையைப் போற்றிப் பாடவும் தேவையில்லை. எழுத்தர் வேலைக்குக் கூலி குறைவு. பெற்றோர் வாடகை கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கே அது எளிது. அனுபவ மணிநேரங்களைக் கணக்குக் காட்டுவதே தனி வணிகமாகவும் ஆகிவிட்டது. ஆனாலும் வேலை பார்த்தவர் பார்க்காதவரைவிடப் பின்தங்கிப் போவதில்லை.

இந்தியாவில் 2024-ஆம் ஆண்டு நீட் தேர்வை எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர். எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1.1 லட்சம், அவற்றுள் அரசுக் கட்டணத்தில் படிக்கக்கூடியவை ஏறக்குறைய பாதி. 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். விண்ணப்பத்தில் பெயர் உண்டு, பிரிவு உண்டு, கைரேகை உண்டு. அந்த மாணவர் நோயாளி ஒருவரின் அருகில் ஒருநாளேனும் நின்றிருக்கிறாரா என்று கேட்கும் கட்டம் கிடையாது. நின்றவர் அந்த நேரத்தில் படிக்கவில்லை என்பது மட்டுமே விளைவு.

எனவே உலகிலேயே பெரிய இடைவெளி ஆண்டு இந்தியாவில்தான் நடக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. அதற்கு வேறு பெயர் சூட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. இந்தி பேசும் மாநிலங்களில் மாணவர் 'ட்ராப் லியா ஹை' என்கிறார். விடுதலைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரும் எடுத்தலைக் குறிக்கும் இந்தி வினையும் இணைந்த விந்தையான தொடர் அது. தமிழகத்தில் 'ரிப்பீட்டர்'. முந்தைய சொல் கைவிட்டதைச் சொல்கிறது, பிந்தையது திரும்பச் செய்வதைச் சொல்கிறது. அந்தப் பன்னிரண்டு மாதங்களில் ஒரு மனிதர் வாழவும் செய்தார் என்பதற்கு இரண்டிலும் இடமில்லை. தமிழக அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கை, மாநிலத்தில் மருத்துவ இடம் பெற்றோரில் திரும்ப எழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 விழுக்காடாக இருந்து 2020-21-இல் 71.42 விழுக்காடாக உயர்ந்ததைக் காட்டியது. இடைவெளி ஆண்டு இன்று விருப்பத் தேர்வாக இல்லை. எழுதப்படாத நுழைவுத் தகுதியாகிவிட்டது.

அந்தத் தகுதியை வாங்குவதற்குப் பணம் வேண்டும். சம்பல் ஆற்றங்கரையில் உள்ள கோட்டாவில் மாணவர் பெறுவது விடுதி அறை, உணவக அட்டை, வாராந்தரத் தேர்வு, தரவரிசைப் பட்டியல். விடுதி மின்விசிறிகளில் சுருள்வில் பொருத்த வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் 2023 ஆகஸ்டில் ஆணையிட்டது. பிள்ளைகள் இறக்காமலிருக்க விசிறியைத் திருத்தத் தோன்றிய நிர்வாகங்களுக்கு அந்த ஆண்டின் அமைப்பைத் திருத்தத் தோன்றவில்லை.

கோட்டாவுக்குப் போக முடியாத மாணவர் என்ன செய்கிறார்? அவர்தான் உண்மையிலேயே வேலை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர். ஆலோசகர்களின் காணொளி அவரைக் கருதி எடுக்கப்பட்டதன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்குத் திறந்திருக்கும் கதவுகள் சில. மருந்துக் கடையில் நிற்கலாம். தனியார் மருத்துவமனையின் பதிவு மேசையிலோ பில் போடும் இடத்திலோ உட்காரலாம். சில மாதப் பயிற்சி பெற்று வார்டு உதவியாளராகலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் டியூஷன் எடுக்கலாம். அறிவுள்ள மாணவர் டியூஷனைத்தான் எடுப்பார். அது பாடத்தை மறக்கவிடாது, பகலையும் விட்டுவைக்கும். பன்னிரண்டு மணிநேரம் வார்டில் நின்று திரும்பியவர் இரவில் கரிம வேதியியலைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தில் கண் சொக்கும். தேர்வுக்கு மிக அருகில் உள்ள வேலை நோயாளியிடமிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது. வருங்கால மருத்துவர்களை நோயிடமிருந்து விலக்கிவைக்கும் இம்முறைக்குத் 'தகுதி' என்று பெயர்.

ஆனால் அந்தப் பில் மேசை கற்றுக்கொடுப்பது சிறிதன்று. முன்பணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, 'வீட்டில் கலந்துகொண்டு வருகிறோம்' என்று சொல்லிப் போகிறவர்களில் யார் திரும்புவார், யார் திரும்பமாட்டார் என்பதை அங்கிருப்பவர் ஒரு மாதத்தில் கண்டுகொள்வார். மருந்துக் கடையில் நிற்பவருக்கு, ஐந்து நாள் மாத்திரைக்குச் சீட்டு வைத்துக்கொண்டு இரண்டு நாளுக்கு மட்டும் வாங்கிப் போகும் கூலித் தொழிலாளியைத் தெரியும். நுண்ணுயிர்கள் மருந்துக்குப் பணியாமற்போவதைப் பற்றிப் பின்னாளில் அவருக்கு எந்தப் பேராசிரியரும் புதிதாகச் சொல்ல வேண்டியிராது. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், மருத்துவம் படிக்காத அண்டை அயலாரைப் பயிற்றுவித்துப் படுக்கையிலுள்ளோரின் வீடுகளுக்கு அனுப்பிவருகிறது. பதினெட்டு வயதில் இதைச் செய்தவர் மருத்துவராக வந்தால் நாட்டுக்கு நட்டமா?

ஒரே தேர்வு, ஒரே தரவரிசை என்பதுதான் ஏழைக்குப் பாதுகாப்பு. வேலைக்கு மதிப்பெண் கொடுத்தால் மாமா வைத்திருக்கும் மருத்துவமனையின் சான்றிதழ்தான் வென்றுவரும் என்று மறுப்பார்கள். மறுப்பின் பிற்பாதி முற்றிலும் சரி. இந்த நாட்டில் அனுபவச் சான்றிதழ் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நீட்டுக்கு முன் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, எழுத்துத் தேர்வுக்குப் பின் மூன்று நாள் மாணவரை அருகிருந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அந்த முறையைக் கைவிட மனமின்றி 2017-இல் 100 இடங்களில் 99-ஐ நிரப்பாமலே விட்டது. ஆயினும் அங்கும் திருச்சபைப் பரிந்துரை பெற்றோருக்கே இடங்களில் பெரும்பகுதி. சேவாகிராம் மருத்துவக் கல்லூரி தன் நுழைவுத் தேர்வில் காந்தியச் சிந்தனை பற்றித் தனித்தாள் வைத்திருந்தது. மனப்பாடம் செய்து அதையும் எழுதிவிடலாம். நேர்காணலும் தனித்தாளும் எல்லாக் கல்லூரிகளுக்கும் மருந்தாகிவிடா.

மறுப்பின் முற்பாதிதான் பொய். ஒரே தேர்வு ஏழையைக் காக்கிறது என்றால், ஓராண்டு சம்பாதிக்காமல் உட்கார்ந்து படிக்க வசதியுள்ளவருக்கு அதே தேர்வு ஏன் இவ்வளவு இணக்கமாக இருக்கிறது? வேலைக்கு மதிப்பெண் வேண்டாம். வேலை பார்த்ததற்காக மதிப்பெண்ணை இழக்காத ஏற்பாடு வேண்டும்.

அதற்கான ஏற்பாடு பக்கத்திலேயே இருக்கிறது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். எழுதியவர் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிவந்து சேரலாம். நீட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்கு மட்டுமே. சிறிய வித்தியாசத்தில் அரசு இடத்தைத் தவறவிட்டவரின் மதிப்பெண் அடுத்த கோடையில் வெற்றுத்தாள். மீண்டும் சுழியிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் அச்சமே அவரை வேலையிலிருந்து விரட்டிப் பயிற்சி மையத்தில் அடைக்கிறது. மூன்றாண்டு செல்லுபடியும் அவற்றுள் சிறந்ததை எடுத்துக்கொள்ளும் உரிமையும் இருந்தால், வேலை பார்த்துக்கொண்டே மறுமுறை எழுதிப்பார்க்கும் துணிவு பிறக்கும். ஆண்டுக்கு ஆண்டு வினாத்தாளின் கடினம் மாறுமே என்றால், ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் 2019 முதல் வெவ்வேறு நாள்களின் தாள்களைச் சதமானத்தால் ஒப்பிட்டு, இரு முறை எழுதியவரின் சிறந்த மதிப்பெண்ணை ஏற்கிறார்கள். அதே முகமைதான் நீட்டையும் நடத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கச் செல்பவருக்கு நீட் தகுதி மூன்றாண்டுகள் செல்லும் என்பது இன்றும் நடைமுறை. விமானம் ஏறுபவருக்கு மூன்றாண்டு, பில் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே பருவம் என்னும் இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதைத் தகுதியின் காவலர்கள் முதலில் விளக்கட்டும்.