இலத்தூரில் பிறக்கட்டும் ஒரு தாள ஆட்டம்!

பல வீடுகளில், பரண் மேல் ஒரு பெட்டி கிடக்கிறது.

அதன் பெயர் டி.வி. கேம்.

1990-க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை நன்றாகத் தெரியும். பெட்டியை டெலிவிஷனோடு இணைப்பார்கள். மேலே ஒரு கேசட்டைச் செருகுவார்கள். கையில் ஒரு சிறு கருவி. அதில் பொத்தான்கள். அவ்வளவுதான். தொப்பிக்காரன் தாவுவான். துப்பாக்கி வீரன் ஓடுவான். சாப்பாட்டு நேரம் மறந்து போகும்.

அந்தப் பெட்டியின் மூலம் ஜப்பானில் இருக்கிறது. நின்டெண்டோ என்ற கம்பெனி 1983-ஆம் ஆண்டு அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள்தான் நம் கடைத் தெருக்களுக்கு வந்தன.

இப்போது அதன் மேல் தூசி படிந்து விட்டது. ஆனால், அது செத்துப் போகவில்லை. உலகத்தின் பல நாடுகளில், அந்தப் பழைய பெட்டிக்குப் புதிய ஆட்டம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிக்காக அல்ல. வீட்டில் உட்கார்ந்து, சொந்த ஆசைக்காக எழுதுகிறார்கள்.

இந்த வேலையைத் தென்காசிக்கு அருகே உள்ள இலத்தூரில் ஒரு பையனோ, பெண்ணோ செய்ய முடியுமா?

முடியும். செய்யவும் வேண்டும்!

தாள ஆட்டம் என்றால் என்ன?

ஆட்டங்களில் பல வகை உண்டு. சுடுவது ஒரு வகை. ஓடுவது ஒரு வகை. தாள ஆட்டம் இன்னொரு வகை.

பாட்டு ஒலிக்கும். திரையில் அடையாளங்கள் வரும். சரியான தட்டில் பொத்தானை அழுத்த வேண்டும். முந்தினாலும் தப்பு. பிந்தினாலும் தப்பு.

ஜப்பானில் 1996-ல் "பராப்பா தி ராப்பர்" என்ற ஆட்டம் வந்தது. பாட்டுப் பாடும் நாய்க்குட்டிதான் கதாநாயகன். 1998-ல் "டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்" வந்தது. அதில் கைக்கு வேலை இல்லை. காலால் மிதித்து ஆட வேண்டும். 2009-ல் "டி-பேட் ஹீரோ" வந்தது. அது ஆர்வலர்கள் வீட்டில் செய்தது. அதுவும் 1983-ன் பழைய பெட்டிக்கென்றே செய்தது!

ஆகவே, பழைய பெட்டியில் தாள ஆட்டம் ஓடுமா என்ற சந்தேகம் வேண்டாம். ஓடும் என்று காட்டி விட்டார்கள்.

குற்றாலத்துப் பந்து

இது வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம்.

ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன், தென்காசியை அடுத்த மேலகரத்தில் திரிகூடராசப்பக் கவிராயர் வாழ்ந்தார். திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடியவர் அவர். அந்த நூலின் நாயகி வசந்தவல்லி. அவள் தோழிகளோடு பந்து அடிக்கிறாள். அந்தப் பாட்டைப் படிக்கும்போதே பந்து துள்ளுவது போல் இருக்கும். சொல்லே தாளம் போடும்!

கோலாட்டம் என்ன? கும்மி என்ன? அவையும் தாள ஆட்டங்கள்தான். குச்சி தவறினால் அடி விரலில் விழும்.

எனவே, இலத்தூரில் செய்யும் ஆட்டத்துக்குக் கதை தேடி அலைய வேண்டியது இல்லை. மேலிருந்து பந்து வருகிறது. தட்டு விழும் நேரத்தில் அதை அடிக்க வேண்டும். அடித்தால் பந்து எழும்பும். தவறினால் உருண்டு ஓடும். ஒரு சிறு குழந்தைக்குக்கூட இது புரியும்.

கணக்கு இங்கே இருக்கிறது

பழைய பெட்டியின் ஞாபகம் மிகச் சிறியது. வேலை செய்யும்போது அது மனதில் வைத்துக் கொள்ளக்கூடியது 2 கிலோபைட் மட்டுமே. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்கு அதைப்போலச் சுமார் ஆயிரம் மடங்கு இடம் வேண்டும்!

அதற்கு ஐந்து குரல்கள் உண்டு. இரண்டு குரல் ராகத்துக்கு ஏற்றவை. ஒன்று அடித்தொண்டைக் குரல். ஒன்று இரைச்சல் குரல். அது கொட்டுச் சத்தத்துக்கு உதவும். ஐந்தாவது, பதிவு செய்த சிறு ஒலியைத் திருப்பிச் சொல்லும். "தக" என்று ஒருவர் சொல்லிப் பதிந்தால், பெட்டியும் "தக" என்று சொல்லும்.

நம் நாட்டு டெலிவிஷன் முறைக்கு ஏற்ற பெட்டி, விநாடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஜப்பான் பெட்டி 60 முறை புதுப்பிக்கிறது. அங்கே செய்த ஆட்டத்தை இங்கே போட்டால், பாட்டு இழுத்துக்கொண்டு போவது இதனால்தான்.

இனி, தாளக் கணக்கைப் பாருங்கள்.

மிருதங்கம் கற்கும் பிள்ளை முதலில் வாயால் சொல்லிப் பழகுகிறது. "தகிட" என்றால் மூன்று. அது திச்ரம். "தகதிமி" என்றால் நான்கு. அது சதுச்ரம். "தகதகிட" என்றால் ஐந்து. அது கண்டம். "தகிடதகதிமி" என்றால் ஏழு. அது மிச்ரம்.

ஒரு தட்டுக்கு 28 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28-ஐ நான்கால் வகுத்தால் ஏழு. ஏழால் வகுத்தால் நான்கு. மிச்சம் இல்லை. ஆகவே, சதுச்ரமும் மிச்ரமும் அதில் அழகாக உட்காரும். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 107 தட்டு வரும். பாட்டுக்கு நல்ல வேகம்.

திச்ரமும் கண்டமும் வேண்டுமா? தட்டுக்கு 30 படம் வைக்க வேண்டும். 30-ஐ மூன்றால் வகுத்தால் 10. ஐந்தால் வகுத்தால் 6. நிமிஷத்துக்குச் சரியாக 100 தட்டு.

கணக்கு வாய்ப்பாடு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு, இதைவிட நல்ல பதில் உண்டா?

ஆட்டத்தின் நேர்மை

தாள ஆட்டத்தில் பெரிய குற்றம் எது?

சரியாக அடித்தவனைப் பார்த்து, "தப்பு" என்று சொல்வது!

இது எப்படி நடக்கிறது? பழைய குண்டு டி.வி., வந்த படத்தை உடனே காட்டிவிடும். புதிய தட்டை டி.வி. அப்படி அல்ல. வந்த படத்தைச் சரிசெய்து, அப்புறம் காட்டும். சிலவற்றில் விநாடியில் பத்தில் ஒரு பங்குகூடப் பிந்தும். கதைப் படம் பார்ப்பவருக்கு அது தெரியாது. தாளம் போடுகிறவருக்கு அது மலை போல் தெரியும்.

இதற்கு வழி இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன், எட்டுத் தட்டு ஒலிக்க வேண்டும். ஆடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு, காதால் கேட்டு அடிக்க வேண்டும். எத்தனை படம் பிந்துகிறது என்று பெட்டி கணக்குப் பார்த்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலும், முன்னே இரண்டு படம், பின்னே இரண்டு படம் மன்னிக்க வேண்டும். பழகிய பிறகு மன்னிப்பைக் குறைக்கலாம்.

நல்ல வாத்தியார் அப்படித்தான் சொல்லித் தருவார்.

சினிமாப் பாட்டு வேண்டாம்

ஆட்டம் செய்கிறவர்களுக்கு ஓர் ஆசை வரும். புகழ் பெற்ற சினிமாப் பாட்டைப் போட்டுவிடலாம் என்று தோன்றும்.

வேண்டாம். அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஆனால், தகதிமிக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அது எல்லோருக்கும் சொந்தம்.

இன்னொரு காரணமும் உண்டு. அது பெரிய காரணம்.

இன்று பல கோயில்களில், தீபாராதனை நேரத்தில் மின்சார மேளம் ஒலிக்கிறது. சுவிட்சைப் போட்டால் போதும். மேளமும் மணியும் தாமாகவே அடிக்கும். அடித்த கைகள் எங்கே? அந்தக் கைகளைப் பார்த்துத் தொடையில் தாளம் போட்ட சிறுவர்கள் எங்கே?

இயந்திரம் அடிக்க, மனிதன் சும்மா நிற்பது ஒரு வகை. இயந்திரம் கேட்க, மனிதன் அடிப்பது இன்னொரு வகை. தாள ஆட்டம் இரண்டாவது வகை. அதில் கைக்கு வேலை உண்டு. காதுக்கும் வேலை உண்டு.

பெட்டி ஆட்டம் ஆடினால் மிருதங்க வித்துவான் ஆகிவிட முடியாது. அதற்குக் குரு வேண்டும். தோலில் விரல் பட வேண்டும். ஆனால், மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசம் தெரிந்த காது, குருவைத் தேடிப் போகும். அது தெரியாத காது எதைத் தேடும்?

பெற்றோர் கவனத்துக்கு

"விளையாட்டு படிப்பைக் கெடுக்கும்" என்று பெற்றோர் சொல்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பொழுதெல்லாம் ஆடிக்கொண்டே இருந்தால் கெடுக்கத்தான் செய்யும்.

ஆனால், ஆடுவது வேறு; ஆட்டம் செய்வது வேறு. லட்டு தின்பதும் லட்டு பிடிப்பதும் ஒன்றா?

ஆட்டம் செய்கிற பிள்ளை வகுத்தல் போட வேண்டும். படம் வரைய வேண்டும். தாளம் கேட்க வேண்டும். தப்பு எங்கே என்று தேட வேண்டும். தங்கையைக் கூப்பிட்டு ஆடச் சொல்லி, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் குழம்பினால், தப்பு அவள் மேல் அல்ல; செய்தவர் மேல் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இது சின்னப் பாடமா?

செலவும் அதிகம் இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். எழுதும் கருவிகளும், இசை அமைக்கும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கம்ப்யூட்டரையே பழைய பெட்டி போல் நடிக்க வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். எல்லாம் சரியான பிறகு கேசட்டில் ஏற்றலாம்.

இந்த வேலைக்குப் பட்டணம் போக வேண்டும் என்பதும் இல்லை. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி 2011-ல் அலுவலகம் திறந்தது. வயல்வெளிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை நடக்கிறது. அந்த ஊரின் பெயரிலேயே மத்தளம் இருக்கிறது!

பள்ளிக்கூடங்களும் ஒரு காரியம் செய்யலாம். கம்ப்யூட்டர் வாத்தியாரும், ஊரில் மேளம் வாசிப்பவரும் ஒரு நாள் ஒரே வகுப்பில் நிற்கட்டும். ஒருவர் எண்ணைச் சொல்லட்டும். மற்றவர் தாளத்தைச் சொல்லட்டும். இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

பரண் மேல் இருக்கும் பெட்டியைக் கீழே இறக்குங்கள். தூசியைத் துடையுங்கள். "போய் விளையாடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

"ஒன்று செய்து காட்டு" என்று சொல்லுங்கள்!