டிப்ளமோகாரனுக்குச் சரித்திரம் எதுக்கு?

"டிப்ளமோ படிக்கிறவனுக்குச் சரித்திரம் எதுக்குடா? போய் அரியர்ஸைக் கிளியர் பண்ணுற வழியைப் பாரு!" நூலகத்தில் தடித்த புத்தகமும் கையுமாக இருந்த என்னை நண்பன் அடித்த கிண்டல் இது. அன்று சிரித்துவிட்டேன். பதிலை இந்த மலரில் சொல்கிறேன்.

புத்தகத்தை எழுதியவர் டேவிட் மெக்கல்லோ. 1933-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிறந்து 2022-ல் மறைந்த வரலாற்றாசிரியர். இன்ஜினீயர் அல்ல, யேல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். ஜான்ஸ்டவுன் வெள்ளத்தின் பழைய போட்டோக்கள் ஒருநாள் அவர் கண்ணில் பட்டன. "இது எப்படி நடந்தது?" என்ற கேள்வி விடவில்லை. பகலில் வேலை, இரவிலும் லீவு நாளிலும் எழுத்து. 1968-ல் முதல் புத்தகம் வந்தது.

1889 மே 31. பென்சில்வேனியாவில் ஒரு மண் அணை உடைந்து 2,209 பேர் பலி. மழைதான் காரணமா? அணை பணக்காரர்களின் மீன்பிடி கிளப்புக்குச் சொந்தம். அடியில் இருந்த வடிகுழாய்களை முன்பே எடுத்துவிட்டார்கள், திரும்பப் போடவேயில்லை. வண்டி போக வசதியாக அணையின் உயரத்தைக் குறைத்தார்கள். மீன் தப்பக் கூடாதென்று கலிங்கில் கம்பித் தடுப்பு வேறு! 1880-லேயே ஃபுல்டன் என்ற இன்ஜினீயர் எச்சரித்தார். யார் கேட்டார்கள்?

அடுத்த புத்தகம் புரூக்ளின் பாலம் பற்றியது (1972). கேபிளுக்குக் கம்பி கொடுத்த கான்ட்ராக்டர், பரிசோதனையில் தேறிய கம்பியை வழியில் மாற்றிவிட்டு மட்டமானதை அனுப்பினான். குட்டு வெளிப்படுவதற்குள் அது கேபிளில் ஏறிவிட்டது. ஆனால் ரோப்ளிங் தேவையைப் போல ஆறு மடங்கு பலத்துக்கு டிசைன் செய்திருந்தார். போதாததற்கு ஒவ்வொரு கேபிளிலும் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்த்தார். 1883-ல் திறந்த பாலம் இன்றும் நிற்கிறது. 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' என்று நாம் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்கிறோமே, அதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

பிறகு பனாமா கால்வாய், ரைட் சகோதரர்கள் என்று எழுதினார். ட்ரூமன் வரலாற்றுக்குப் பத்து வருடம் உழைத்தார். அதற்கும் ஜான் ஆடம்ஸ் வரலாற்றுக்கும் புலிட்சர் பரிசு கிடைத்தது. அத்தனையும் 1965-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரே டைப்ரைட்டரில்!

நண்பர்களே, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குப் போன இடத்தில், கான்கிரீட் க்யூபை உடைக்காமலே "ரிசல்ட் எழுதுப்பா" என்றார்கள். எழுதினேன். கை நடுங்கக்கூட இல்லை. புத்தகம் படித்த பிறகுதான் தூக்கம் போனது. அந்தக் கட்டடத்தில் நாளை யார் குடியிருப்பார்களோ?

அணையைக் கணக்கு மட்டும் காப்பாற்றாது. "இது சரியில்லை சார்" என்று சொல்ல ஒருவன் வேண்டும். சொன்னால் கேட்க ஒருவன் வேண்டும். இதை நமக்கு எந்த செமஸ்டரும் நடத்துவதில்லை. சரித்திரம் நடத்துகிறது. அதுக்குத்தாண்டா படிக்கிறேன்!