ஓர் அடைமொழி தரும் பாடம்

மூளையைப் போர்த்திய மூன்று உறைகளுள் உள்ளுறையை ஆங்கில உடற்கூற்று நூல்கள் 'பையா மேட்டர்' என்கின்றன. 'மேட்டர்' தாயைக் குறிக்கும். 'பையா' என்னும் இலத்தீன் பெயரடை 'பக்தியும் பரிவும் உடைய' எனப் பொருள்படும். மூளையுறைக்குப் பக்தி எவ்வாறு வந்தது?

கிரேக்க மருத்துவர் காலன் இதனை 'மெல்லிய உறை' என்றே குறித்தார். அரபு மருத்துவர்கள் 'உம்மு ரகீக்கா', அதாவது 'மெல்லிய தாய்' என்றனர். 'ரகீக்' என்பது மென்மைக்கும் கனிவுக்கும் பொதுவான சொல். அலீ இப்னு அல்-அப்பாஸ் இயற்றிய மருத்துவப் பெருநூலை அந்தியோக்கியாவின் ஸ்டீஃபன் 1127-இல் இலத்தீனில் பெயர்த்தார். இத்தகைய பெயர்ப்புகளின் வழியே மென்மை மறைந்து பக்தி புகுந்தது. வெளியுறைக்குரிய 'டியூரா' மட்டும் 'கடினமான' என்னும் பொருளோடு பிழையின்றி நின்றது.

நம் பள்ளி அறிவியல் நூல்களிலும் இப்பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவே வழங்குகின்றன. நிலக்கோட்டையிலும் வேடசந்தூரிலும் தமிழ்வழி பயிலும் மாணவர், பொருளறியாது ஒலியை மனனம் செய்கின்றனர். வல்லுறை, மெல்லுறை எனின் கேட்ட அளவிலேயே விளங்குமன்றோ! கலைச்சொல் ஆக்குவோர் அயற்சொல்லின் ஒலியை நோக்காது உறுப்பின் இயல்பை நோக்குதல் வேண்டும். மொழிபெயர்ப்பில் ஓர் அடைமொழி வழுவினாலும் அவ்வழு ஒன்பது நூற்றாண்டு வாழும்.