ஸ்டிக்கர் ஒட்டிய தேக்கு

குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதி. பெயர் வேண்டாம். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஒரு ரயில் பெட்டி செய்து தரும்படி போன வருடம் என்னிடம் கேட்டார்கள். செங்கோட்டை–கொல்லம் மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய பழைய பாசஞ்சர் பெட்டி. ஒரு பக்கச் சுவர் இல்லாமல், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி இருக்க வேண்டும் என்றார்கள். பொதுப்பணித்துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? வடகரையில் வீட்டு மச்சில் ஐந்து மாதம் உட்கார்ந்து செய்து கொடுத்தேன்.

இந்தச் சாரலுக்கு உறவினர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது எட்டிப் பார்த்தேன். பெட்டியின் உள்ளே நான் பூசியிருந்த மர வேலை முழுவதையும் மறைத்து, அலமாரிக் கதவுக்கு ஒட்டுகிற மர டிசைன் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

“பளபளப்பு பத்தல அண்ணாச்சி. அதான் டெக்கரேஷன் பண்றவரை வச்சு மாத்திட்டோம். மூணடி தள்ளி நின்னு பாக்கிறவனுக்கு என்ன தெரியப் போவுது?” என்றார் மேனேஜர் தம்பி.

நல்ல பிள்ளைதான், உட்கார வைத்து காப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் கேட்டதற்கு அங்கே எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. இங்கே எழுதுகிறேன், படித்தால் படிக்கட்டும்.

முதலில் அந்த மூன்றடிக் கணக்கு. நான் செய்த பெட்டி 22.5-ல் ஒரு பங்கு. 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் மீட்டர்கேஜைக் காட்ட உலகம் முழுவதும் கையாளும் அளவு அது. அப்படியானால் மாதிரியிலிருந்து மூன்றடி தள்ளி நிற்பது, நிஜ ரயிலிலிருந்து ஏறக்குறைய அறுபத்தேழு அடி தள்ளி நிற்பது. எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பது மாதிரி. அங்கிருந்து மரத்தின் ரேகை தெரியுமா? தெரியாது. பலகைக்குப் பலகை நிறம் மாறுவது தெரியும். நான் பூசியது அதைத்தான். ஸ்டிக்கரில் இருப்பதோ ஒரு செண்டிமீட்டர் அகலத்துக்கு அலை அலையான ரேகை. நிஜ அளவில் அது ஒன்பது அங்குலம், ஒரு சாண். நாம் உட்கார்ந்து போன பெஞ்சின் ரீப்பரே இரண்டு அங்குலம்தான் இருக்கும். ரீப்பரைவிட நாலு மடங்கு அகலமான ரேகை எந்தக் காட்டுத் தேக்கில் ஐயா இருக்கிறது?

“அப்போ நிஜத் தேக்கிலேயே செஞ்சிருக்கலாமே” என்று எங்கள் தெருவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. செய்து பார்த்துவிட்டுத்தான் விட்டேன். தேக்கை எவ்வளவு மெல்லிசாக இழைத்தாலும் அதன் துவாரங்கள் கூடவே சிறிதாவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒரு சின்னத் துவாரம் அந்த அளவில் பென்சில் நுழைகிற குழியாகிவிடுகிறது. பெஞ்சை கறையான் அரித்த மாதிரி இருந்தது. சின்ன உருவத்தில் மரம் மரமாகத் தெரிய வேண்டுமானால் அதை வண்ணத்தால்தான் செய்ய முடியும். பி.வி.சி. ஷீட்டில் ரீப்பர்களை வெட்டிக்கொண்டு பூச்சில் இறங்கினேன்.

அந்தக் காலத்தில் நாட்டு மரக் கதவைத் தேக்கு மாதிரி காட்ட பெயிண்டர்கள் என்ன செய்தார்கள் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மஞ்சக்காவி பூசிக் காயவிட்டு, மேலே கறுப்புக் கலந்த தவிட்டு நிறத்தைத் தடவி, அது இறுகுவதற்குள் பழைய சீப்பாலோ துணியாலோ இழுப்பார்கள். நான் செய்ததும் அதேதான், சீப்பு மட்டும் கிடையாது. அடியில் வெளிர் மஞ்சள். மேலே பர்ன்ட் சியன்னாவும் ரா அம்பரும் கலந்த ஆயில் கலரைத் தட்டைத் தூரிகையில் தொட்டு, முக்கால்வாசியைப் பழந்துணியில் துடைத்துவிட்டு, மிச்சம் இருப்பதை வைத்துப் பலகையின் நீளவாக்கில் ஒரே இழுப்பு. ஒரு பலகை முடிந்தால் பக்கத்துப் பலகையை அன்றைக்குத் தொடக்கூடாது. அடுத்த நாள் கலவையில் ஒரு சொட்டு கூட்டியோ குறைத்தோ பூச வேண்டும். அதனால்தான் ஐந்து மாதம்.

இடுக்குக் கோடுகளுக்கு என் பழைய ரூலிங் பென். அணை வரைபடங்களில் மை ஓட்டிய பேனா, அதில் பெயிண்டை ஓட்டினேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கோடு மயிரிழையாக விழ வேண்டும். கொஞ்சம் தடித்தால் அந்த இடுக்கில் பயணியின் டிக்கெட் கட்டே விழுந்துவிடும்! கடைசியாக வார்னிஷ். சாரல் நாளில் அதைத் திறக்கவே கூடாது, ஈரக்காற்று பட்டால் பாலாடை மாதிரி வெளுத்துவிடும். ஆனி, ஆடி இரண்டு மாதமும் டப்பாவை மூடியே வைத்திருந்தேன். பளபளப்பைக் குறைத்ததும் வேண்டுமென்றேதான். ஐம்பது வருடம் ஆட்கள் உரசி உட்கார்ந்த பெஞ்சு எங்கேயாவது சன்மைக்கா மாதிரி மின்னுமா? உட்காரும் இடத்தில் மழுங்கலாக, கை படாத மூலையில் மட்டும் கொஞ்சம் மினுக்கமாக இருக்கும்.

இன்னொரு வாதமும் அந்தத் தம்பி சொன்னார். “நீங்க பூசினதும் டூப்ளிகேட், இதுவும் டூப்ளிகேட். ரெண்டும் ஒண்ணுதானே?” இது கொஞ்சம் கனமான வாதம்.

இங்கிலாந்தில் 1923-ல் உருவான லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே, வார்னிஷ் பூசிய தேக்குப் பெட்டிகளுக்குப் பேர்போன கம்பெனி. இரும்புத் தகடு போர்த்திய பெட்டிகள் வந்தபோதும் அவர்கள் அந்த அழகை விடவில்லை. பெயிண்டர்களை வைத்துத் தகட்டின் மேல் தேக்கு ரேகையைக் கையால் வரைய வைத்தார்கள். அதுவும் டூப்ளிகேட்தான். ஆனால் அந்தப் பெயிண்டருக்குத் தேக்குப் பலகை எப்படியிருக்கும், எங்கே வெளிறும் என்று தெரிந்திருக்க வேண்டும். பார்த்தவன் பூசினான். ஸ்டிக்கர் அச்சடித்த மிஷின் எந்த ரயிலைப் பார்த்தது? அதே சுருள் தென்காசியில் கட்டிலுக்கும் ஒட்டுகிறது, ஏ.டி.எம். கதவுக்கும் ஒட்டுகிறது.

என் கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. 1904-ல் மலையைக் குடைந்து திறந்த பாதை அது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மீட்டர்கேஜ் 2010 செப்டம்பரில் நின்றது. அகலப்பாதை 2018-ல் வந்தது. வந்தது நல்லதுதான், நான் அதை எதிர்க்கிற ஆள் இல்லை. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் இன்றும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். மரப் பெஞ்சை எங்கே போய்ப் பார்ப்பது? பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழையும்போது மர ஷட்டரை இறக்கிவிடுவார்கள். புகையும் மழை ஈரமும் பழைய வார்னிஷும் கலந்த ஒரு வாசனை வரும். வெளியே செங்காவி, உள்ளே தேன் நிறம். அம்மா மடியில் படுத்தபடி எதிர்த் தடுப்புப் பலகையில் புதிதாக மாற்றிய ஒரு பலகை மட்டும் வெளுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். அந்த வெளுத்த பலகையையும் மாதிரியில் வைத்திருந்தேன், இடது பக்கத்திலிருந்து நாலாவது. இனி அந்த விடுதிக்கு வருகிற பிள்ளைகளுக்கு அந்த ரயில் என்றால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதுதான். பிளைவுட் கடை ரயிலைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். “இந்த வயசுல உமக்கு இது தேவையா” என்றாள் வீட்டுக்காரி. தினமும் காலையில் வெந்நீர்த் துணி வைத்து ஸ்டிக்கரை உரிக்கிறேன். பசையோடு என் பூச்சும் சேர்ந்து வருகிறது. தடுப்புப் பலகையில் இதுவரை பதினொன்று போய்விட்டது. நாலாவது தப்பித்தது.

மீதியை மறுபடி பூச வேண்டும். அந்தப் பெட்டிகளின் உள்ளே எடுத்த போட்டோ, கல்யாணத்துக்குப் போன கூட்டமாக இருந்தாலும் சரி, யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையானாலும் பரவாயில்லை. ஷட்டரின் உள்பக்கச் சட்டம் பெஞ்சைவிடக் கறுப்பா, வெளுப்பா என்பதில்தான் எனக்கும் என் தம்பிக்கும் இன்னும் சண்டை.