மாநாட்டுச் செலவை யார் ஏற்கிறார்கள்?

பன்னாட்டு இளையோர் அமைதி மாநாடு என்பது பல நாட்டு இளைஞர்களைச் சில நாட்கள் ஓரிடத்தில் கூட்டி, போர், இன மோதல், அகதி வாழ்வு, தலைமைப் பண்பு ஆகியவை பற்றிப் பேசவும் பயிற்சி பெறவும் வழிசெய்யும் கூட்டம். ஐ.நா. அமைப்புகள், அரசுகள், அறக்கட்டளைகள், தொண்டு நிறுவனங்கள் எனப் பலரும் இவற்றை நடத்துகிறார்கள். வருபவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள் அல்லது அண்மையில் சம்பாதிக்கத் தொடங்கியவர்கள். விமானச் சீட்டுக்குச் சொந்தப் பணம் போட முடியாத வயது அது. எனவே செலவை யார் ஏற்கிறார் என்பதைப் பொறுத்தே அரங்கில் யார் உட்காருகிறார் என்பதும் அமைகிறது.

செலவை ஏற்கும் முறை மூன்று வகைப்படும். முழு நிதியுதவியில் விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றை அமைப்பாளரே ஏற்பார். சில இடங்களில் விசாக் கட்டணமும் காப்பீடும் அதில் சேரும். பகுதி நிதியுதவி தங்குமிடத்தையும் உணவையும் தந்து, பயணச் செலவைப் பங்கேற்பாளரிடம் விட்டுவிடும். மூன்றாவது வகையில் எல்லாச் செலவும் பங்கேற்பாளருடையது. ஒரே மாநாட்டில் இந்த மூன்று வகையினரும் இருப்பதுண்டு. முழு உதவிக்குச் சில இடங்களை மட்டும் வைத்து, ஆயிரக்கணக்கானோரிடம் விண்ணப்பக் கட்டணம் வாங்கும் மாநாடுகளும் உள்ளன. ஐ.நா.வின் பெயரைச் சொல்லிப் போலி அழைப்புகள் அனுப்பப்படுவதாக அந்த அமைப்பே தொடர்ந்து எச்சரித்து வருகிறது. அழைப்பு வந்தவுடன் நடத்துபவர் யார், நிதி தருபவர் யார், முந்தைய ஆண்டு யார் யார் கலந்துகொண்டார்கள் என்று பார்ப்பது விண்ணப்பம் எழுதுவதற்கு முந்தைய வேலை.

தேர்வானவருக்கு அடுத்த தடை விசா. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் ஐரோப்பாவின் ஷெங்கன் ஒப்பந்த நாடுகளில் நடக்கும் மாநாட்டுக்குச் செல்ல ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் அதன் வழக்கமான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அழைப்புக் கடிதம், செலவை ஏற்பதற்கான உறுதிக் கடிதம், ஊர் திரும்புவதற்கான ஆதாரம் ஆகியவையும் தேவை. போர் நடக்கும் நாட்டில் தூதரகமே மூடியிருக்கலாம். அங்குள்ளவர் முதலில் பக்கத்து நாட்டுக்குப் போய்த்தான் விசா கேட்க வேண்டும். அமைதி பற்றிப் பேச அதிக உரிமை உள்ளவருக்கே வழி இப்படி நீள்கிறது. விசாவுக்கு வேண்டிய காலத்தையும் பணத்தையும் முன்கூட்டியே கணக்கில் வைக்கும் அமைப்பாளரே இவர்களை மெய்யாக அழைத்தவர் ஆகிறார்.

நிதியின் பின்னால் நோக்கம் இருக்கும் என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. உலக ஜனநாயக வாலிபர் சம்மேளனம் 1947இல் பிராக் நகரில் முதல் உலக இளைஞர் விழாவை நடத்தியது. ஏறத்தாழ 17,000 பேர் திரண்ட அந்த விழாவும் அடுத்து வந்தவையும் சோவியத் முகாமின் ஆதரவில் நடந்தன. 1959இல் வியன்னாவில் விழா நடந்தபோது, அமெரிக்க இளைஞர்கள் அங்கு செல்ல உதவிய அமைப்புக்கு அந்நாட்டு உளவு அமைப்பான சி.ஐ.ஏ. மறைமுகமாகப் பணம் கொடுத்தது. 1967இல் ‘ராம்பார்ட்ஸ்’ இதழ் அமெரிக்க மாணவர் சங்கத்துக்கு சி.ஐ.ஏ. பணம் கொடுத்ததை அம்பலப்படுத்தியது. அதையொட்டி வியன்னா விவகாரமும் வெளியே வந்தது. சமாதானத்தை நம்பிப் போன இளைஞர் பலருக்குத் தங்கள் பயணத்தின் பின்னால் இருந்த பணம் யாருடையது என்று தெரியாது. நிதி தருபவரின் பெயர் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கேட்பது பங்கேற்பாளரின் உரிமை என்பதை அந்தக் காலம் கற்பித்தது.

மாநாட்டிலிருந்து திடமான பலன் விளையலாம் என்பதற்கு ஜோர்தான் தலைநகர் அம்மானில் நடந்த கூட்டம் எடுத்துக்காட்டு. 2015 ஏப்ரலில் ஜோர்தானின் பட்டத்து இளவரசர் ஹுசைன், தம் 20ஆம் வயதில், இளைஞர் பற்றிய ஐ.நா. பாதுகாப்பு அவை விவாதத்துக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அம்மானில் இளைஞர், அமைதி, பாதுகாப்பு பற்றிய உலக மன்றம் கூடி, இளையோர் பிரகடனம் ஒன்றை வெளியிட்டது. நான்கே மாதத்தில், டிசம்பர் 9 அன்று, பாதுகாப்பு அவை 2250ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 18 முதல் 29 வயது வரையுள்ளோரை இளைஞர் என வரையறுத்த அத்தீர்மானம் பங்கேற்பு, பாதுகாப்பு, தடுப்பு, கூட்டுழைப்பு, ஆயுதம் தாங்கியவர்களை விடுவித்து மீண்டும் சமூகத்தோடு இணைத்தல் என ஐந்து தூண்களை வகுத்தது. 2018இல் 2419, 2020இல் 2535 ஆகிய தீர்மானங்கள் அதைத் தொடர்ந்தன. இலங்கையிலும் இதற்கு ஒத்த நிகழ்வு உண்டு. 2014 மே மாதம் கொழும்பில் உலக இளைஞர் மாநாடு நடந்தது. அதே ஆண்டு இறுதியில், இலங்கை முன்மொழிந்தபடி, ஜூலை 15ஐ உலக இளைஞர் திறன் நாளாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது.

2250ஆம் தீர்மானம் கேட்டிருந்த ஆய்வு 2018இல் வெளியானது. கிரேம் சிம்ப்சன் தலைமையிலான குழு 44 நாடுகளில் நடந்த 281 குழு உரையாடல்கள் உட்படப் பல சந்திப்புகளில் 4,230 இளைஞர்களிடம் பேசியது. அவர்களுள் பலர் எந்தப் பன்னாட்டு அரங்கையும் எட்ட முடியாதவர்கள். உலக இளைஞர்களில் நால்வரில் ஒருவர் போராலோ குழு வன்முறையாலோ பாதிக்கப்பட்ட சூழலில் வாழ்வதாக ஆய்வு மதிப்பிட்டது. இளைஞர்களை அச்சுறுத்தலாகப் பார்க்கும் கொள்கை வகுப்போரின் போக்கையும் அது கண்டித்தது. 2017இல் 399 இளையோர் அமைதி அமைப்புகளிடம் நடத்திய கணக்கெடுப்பில், அவற்றுள் 49 விழுக்காடு ஆண்டுக்கு 5,000 டாலருக்கும் குறைவான பணத்தில் இயங்குவது தெரிந்தது. ஒருசிலரின் விமானப் பயணத்துக்கும் விடுதிக்கும் ஆகும் தொகையில் இத்தகைய அமைப்பு ஓராண்டு முழுவதும் ஊரில் வேலை செய்துவிடும். மாநாட்டுக்குச் செலவிடுவோர் இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்பது வெளிப்படையாக உள்ள திட்டம் ஒன்று ஹிரோஷிமாவைச் சுற்றி அமைந்தது. அணு ஆயுதமற்ற உலகுக்கான இளையோர் தலைவர் நிதியை ஜப்பான் 2022இல் அறிவித்து, ஐ.நா.வுக்கு ஒரு கோடி டாலர் வழங்கியது. தேர்வான இளைஞர்கள் முதலில் இணையவழியாகப் பல மாதங்கள் படிக்கிறார்கள். பிறகு அவர்களுள் ஒரு பகுதியினர் ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் சென்று, அணுகுண்டு வீச்சில் உயிர்தப்பியவர்களின் வாய்மொழியைக் கேட்கிறார்கள். படிப்பு முன்னும் பயணம் பின்னும் வருவதால், போகிறவர் எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்தே போகிறார்.

விண்ணப்பத்தில் பொதுவாகக் கேட்கப்படுபவை தன்விவரக் குறிப்பு, பங்கேற்கும் நோக்கத்தை விளக்கும் கடிதம், பரிந்துரைக் கடிதம். அதன் பிறகு பெரும்பாலும் இணையவழி நேர்காணல். தலைமைப் பண்பு பற்றிய பெரிய சொற்களைவிட, ஊரில் ஏற்கெனவே செய்த ஒரு வேலையைத் துல்லியமாகச் சொல்லும் கடிதம் தேர்வாளருக்குப் பயன்படும். அரங்கில் தம் பகுதியின் சிக்கலை ஆதாரத்தோடு முன்வைப்பதும், இறுதி அறிக்கையின் வரைவில் அது இடம்பெறுமாறு பார்த்துக்கொள்வதும் பங்கேற்பாளரின் கடமை. திரும்பி வந்தபின் அனுப்பியவர்களுக்கு அறிக்கை தருவதும், கற்றதை உள்ளூர்க் குழுவுக்குச் சொல்வதும் அதே கடமையின் மீதிப் பகுதி. அமைப்பாளரின் கடமையும் நிறைவு விழாவோடு முடிவதில்லை. ஊர் திரும்பியவரின் முயற்சிக்குச் சிறு நல்கை, ஓராண்டு வழிகாட்டல், அடுத்த மாநாட்டின் திட்டக் குழுவில் இடம் ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே வரவு செலவில் சேர்த்தால், நிதியின் பயன் பயணத்தைக் கடந்து ஊரையும் எட்டும்.